தொடர்புசார் தரவுத்தளக் கருவிகள்: வினவல், வடிவமைப்பு, ஒப்பீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரவுத்தளப் பணிக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளும், பல ஆண்டுகள் அதிலேயே இருப்பவர்கள் கொஞ்சம் தயக்கத்தோடு கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்து இடம்பெற்றுள்ளன. தரவை அட்டவணைகளாக வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், எஸ்கியூலைட் ஆகிய ஐந்து மென்பொருள்களையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

தரவுத்தளத்தோடு சேர்ந்தே ஒரு கட்டளைச் சாளரம் வருகிறதே, தனியாக ஒரு கருவி எதற்கு?

பல வேலைகளுக்கு அந்தச் சாளரமே போதும். போஸ்ட்கிரெஸின் பிஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வரின் எஸ்கியூஎல்சிஎம்டி, ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் ஆகியவை தொலைவிலுள்ள சர்வரிலும் சிக்கலின்றி ஓடும். எந்த வரைகலைத் திரையும் தேவையில்லை. ஆனால், நாற்பது நெடுவரிசைகள் உள்ள ஓர் அட்டவணையை அதில் திறந்தால் ஒவ்வொரு பதிவும் மடிந்து மடிந்து விழும். எந்த மதிப்பு எந்த நெடுவரிசையைச் சேர்ந்தது என்று விரல் வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும். அட்டவணைப் பெயர்கள் நினைவில் இல்லாதவருக்கும் அந்தச் சாளரம் பெரிதாக உதவாது.

தனிக் கருவிகள் செய்வது அடிப்படையில் இரண்டே வேலைகள். ஒன்று, தரவுத்தளம் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் குறிப்பைப் படிப்பது. இரண்டு, உங்கள் சொடுக்குகளை, தரவுத்தளங்களோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் கட்டளைகளாக மாற்றி அனுப்புவது. முதலாவது வேலைக்கு அடித்தளம் இட்டவர், 1970இல் தொடர்புசார் மாதிரியை முன்வைத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட். 1985இல் அவர் வெளியிட்ட விதிகளில் நான்காவது, அட்டவணைகளைப் பற்றிய விவரமும் அட்டவணைகளாகவே இருக்க வேண்டும், அதையும் வழக்கமான வினவலாலேயே படிக்க முடிய வேண்டும் என்கிறது. இந்தப் பட்டியலுக்குக் கேட்டலாக் என்று பெயர். திரையின் இடப்பக்கத்தில் மரக்கிளைபோல் விரியும் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் அந்தக் கேட்டலாக்கிலிருந்து வினவி எடுக்கப்பட்டவையே.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் பிஎஸ்கியூஎல்லைப் பெரிய ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விருப்பத்துடன் தொடங்கி, ஓர் அட்டவணையை விவரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். விடை வருவதற்கு முன், அந்த விடையைப் பெற அது உள்ளுக்குள் அனுப்பிய வினவல்கள் முழுவதும் திரையில் வரும். ஒரு முறை இதைப் பார்த்துவிட்டவருக்கு எந்தக் கருவியும் மாயமாகத் தோன்றாது.

கருவியை நீக்கிவிட்டால் தரவும் போய்விடுமா?

போகாது. தரவு சர்வரில் இருக்கிறது. கருவி அதை எட்டிப் பார்க்கும் சன்னல் மட்டுமே. எஸ்கியூலைட்டில் மட்டும் சர்வர் என்று தனியாக ஒன்று கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு என்பதால் அந்தக் கோப்பை அழித்தால் எல்லாம் போகும், கருவியை அழித்தால் ஒன்றும் ஆகாது. கருவியோடு சேர்ந்து போகக்கூடியவை நீங்கள் சேமித்து வைத்த இணைப்பு விவரங்களும் எழுதி வைத்த வினவல்களும்தான். வினவல்களைக் கருவிக்குள் வைக்காமல் தனிக் கோப்புகளாக, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் வைப்பது நல்ல பழக்கம்.

எந்தத் தரவுத்தளத்துக்கு எந்தக் கருவி பொருந்தும்?

ஒரே வகைத் தரவுத்தளத்தை மட்டும் பயன்படுத்துபவர், அதை உருவாக்கியவர்களோ அதைச் சுற்றியுள்ள சமூகமோ தரும் கருவியில் தொடங்குவதே சரி: போஸ்ட்கிரெஸுக்குப் பிஜிஅட்மின், மைஎஸ்கியூஎல்லுக்கு மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச், ஆரக்கிளுக்கு எஸ்கியூஎல் டெவலப்பர், எஸ்கியூஎல் சர்வருக்கு எஸ்எஸ்எம்எஸ் என்று சுருக்கமாக வழங்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ. இவை அனைத்தும் இலவசம். பயனர் உரிமைகள், பேக்கப், சர்வர் கண்காணிப்பு போன்ற அந்தந்தத் தரவுத்தளத்துக்கே உரிய வசதிகள் இவற்றில்தான் முழுமையாக இருக்கும்.

பலவகைத் தரவுத்தளங்களோடு ஒரே நாளில் மாறி மாறி வேலை செய்பவருக்கு டிபீவர் அல்லது ஜெட்பிரெயின்ஸின் டேட்டாகிரிப் வசதியானது. முன்னதற்குத் திறமூலப் பதிப்பு உண்டு. இவை பெரும்பாலும் ஜேடிபிசி டிரைவர்கள் (தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பு நிரல்கள்) வழியாக இயங்குவதால், டிரைவர் உள்ள ஏறக்குறைய எந்தத் தரவுத்தளத்தையும் திறக்கும். அதே காரணத்தால், குறிப்பிட்ட ஒரு தரவுத்தளத்தின் நுணுக்கமான வசதி ஒன்று சில சமயம் அங்கே கண்ணில் படாது. எஸ்எஸ்எம்எஸ் விண்டோஸில் மட்டுமே ஓடும். அதற்கு மாற்றாக மற்ற இயங்குதளங்களில் பலர் பயன்படுத்திய அஸூர் டேட்டா ஸ்டுடியோவுக்கான ஆதரவை 2026 பிப்ரவரி 28உடன் நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதன் இடத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கான நீட்சி பரிந்துரைக்கப்படுகிறது. பிஎச்பிமைஅட்மின், ஒரே ஒரு கோப்பாக வரும் அட்மினர் ஆகியவை உலாவியில் இயங்குபவை. இவற்றைப் பொது இணையத்தில் எல்லோரும் அணுகும் முகவரியில் திறந்து வைப்பது வாசற்கதவில் சாவியைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் சரி. ஆனாலும் இணைப்பு கிடைக்கவில்லை. எங்கே பார்ப்பது?

முதலில் போர்ட் எண்ணை, அதாவது சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாயிலின் எண்ணைப் பாருங்கள். இயல்பாகப் போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, ஆரக்கிளுக்கு 1521. பிழைச் செய்தி என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்துத் தேடும் இடம் மாறும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால், அந்தப் போர்ட்டில் எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நெடுநேரம் காத்திருந்து பிறகு நேரம் முடிந்தது என்றால், பெரும்பாலும் இடையில் போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வால் நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்று வந்தால் மகிழலாம். வலைப்பின்னல் சரியாக இருக்கிறது என்று பொருள். சர்வர் வெளியிணைப்புகளை ஏற்காதபடி அமைக்கப்பட்டிருந்தால், அந்த அமைப்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதைவிட எஸ்எஸ்எச் டனல் (குறியாக்கம் செய்யப்பட்ட தனிப்பாதை) வழியாகச் செல்வதே பாதுகாப்பானது; மேலே சொன்ன கருவிகளில் பெரும்பாலானவற்றின் இணைப்புப் படிவத்திலேயே அதற்கு ஒரு பகுதி இருக்கும்.

கருவியில் நொடியில் வரும் வினவல், எங்கள் செயலியில் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது?

பெரும்பாலும் நீங்கள் ஒப்பிடுவது ஒரே வினவலை அல்ல. மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச், இயல்பு நிலையில் 1000 பதிவுகள் என்ற வரம்பைத் தானாகவே வினவலோடு சேர்த்து அனுப்பும். டிபீவர் இயல்பாக முதல் 200 பதிவுகளை மட்டும் எடுத்துக் காட்டிவிட்டு, நீங்கள் கீழே நகர்த்தினால்தான் அடுத்தவற்றைக் கொண்டுவரும். திரையில் நீங்கள் பார்த்தது முதல் பக்கத்துக்கான நேரம். செயலி கேட்பதோ முழுவதையும்.

எஸ்கியூஎல் சர்வரில் இன்னொரு நுணுக்கமான காரணம் உண்டு. எஸ்எஸ்எம்எஸ் இணையும்போது கணக்குப் பிழை நேர்ந்தால் வினவலை நிறுத்தும் அரித்அபார்ட் என்ற அமைப்பை இயக்கி வைக்கும். செயலிகள் பயன்படுத்தும் டிரைவர்களோ வழக்கமாக அதை அணைத்தே வைத்திருக்கும். இந்த அமைப்பு வேறுபட்டால், சர்வர் அதே வினவலுக்குத் தனித்தனிச் செயல்திட்டங்களை (வினவலை எந்த வழியில் ஓட்டுவது என்ற திட்டங்களை) நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். செயலிக்குக் கிடைத்த திட்டம், வேறொரு மதிப்புக்கு ஏற்ப முன்பு தயாரிக்கப்பட்ட மோசமான திட்டமாக இருக்கலாம். உங்களுக்கோ புதிதாக ஒன்று தயாரிக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் ‘என் திரையில் வேகமாகத்தானே ஓடுகிறது’ என்று இரு தரப்பும் வாதிட்டுக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்பிளைன் கட்டளையை எல்லாவற்றுக்கும் தைரியமாகப் பயன்படுத்தலாமா?

வெறும் எக்ஸ்பிளைன் பாதுகாப்பானது. வினவலை ஓட்டாமல், அதன் செயல்திட்டத்தை மதிப்பிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடும். எக்ஸ்பிளைன் அனலைஸ் அப்படியல்ல. அது வினவலை உண்மையாகவே ஓட்டி, ஆன நேரத்தை அளந்து சொல்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு டெலீட் கட்டளையின் முன் அதைச் சேர்த்தால் பதிவுகள் உண்மையிலேயே அழியும். அப்படிப்பட்டதை அளக்க வேண்டுமானால் பிகின் என்று, முழுவதும் நிலைபெறும் அல்லது முழுவதும் ரத்தாகும் கட்டளைத் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து, அளந்து முடித்ததும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பிவிடுங்கள். திட்டத்தைப் படிக்கும்போது மொத்த நேரத்தைவிட, சர்வர் எதிர்பார்த்த பதிவுகளின் எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்த எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பத்து வரும் என்று நினைத்த இடத்தில் ஒரு லட்சம் வந்திருந்தால், கோளாறின் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

தவறுதலாகத் தரவை அழித்துவிடாமல் இருக்கக் கருவி எவ்வகையில் உதவும்?

முதலில், கருவியே எப்படித் தவறுக்கு வழி செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய எல்லா வினவல் கருவிகளிலும், உரையின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு இயக்கு பொத்தானை அழுத்தினால் அந்தப் பகுதி மட்டுமே ஓடும். ஒருமுறை நான் இரண்டு வரிகளில் எழுதியிருந்தேன். முதல் வரியில் ரசீதுகள் அட்டவணையிலிருந்து அழி என்ற கட்டளை. இரண்டாவது வரியில் ஆண்டு 2012 ஆக இருக்கும் இடத்தில் என்ற நிபந்தனை. சுட்டி சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. முதல் வரி மட்டும் நீல நிறத்தில் தேர்வாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கீழே வந்த ‘பாதிக்கப்பட்ட பதிவுகள்’ என்ற எண், நான் எதிர்பார்த்ததைவிட இரண்டு இலக்கம் நீளமாக இருந்தபோதுதான் புரிந்தது. அந்த இணைப்பில், ஒவ்வொரு கட்டளையையும் உடனே நிலைநிறுத்தும் தானியங்கிக் கமிட் இயங்கிக்கொண்டிருந்ததால் திரும்பப் பெற வழியில்லை. முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து மீட்டெடுத்து, அன்று காலைப் பதிவுகளைக் கையால் மீண்டும் ஏற்றினோம்.

அன்றிலிருந்து அழிக்கும் கட்டளையை ஒரே வரியில்தான் எழுதுகிறேன். அதைவிட உறுதியான காப்புகளும் உண்டு. தானியங்கிக் கமிட்டை அணைத்து வைத்தால், நீங்கள் கமிட் சொல்லும்வரை எதுவும் நிலைபெறாது. ஆனால் கமிட் செய்ய மறந்து உணவுக்குப் போய்விட்டால், நீங்கள் மாற்றிய பதிவுகளைத் தொட வேண்டிய மற்ற எல்லோரும் காத்திருக்க நேரும். மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்சில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு முறை, கீ நெடுவரிசையைக் குறிப்பிடும் நிபந்தனையோ எண்ணிக்கை வரம்போ இல்லாத அப்டேட், டெலீட் கட்டளைகளை மறுத்துவிடும். மைஎஸ்கியூஎல்லின் கட்டளைச் சாளரத்தில் இதே வசதியை இயக்கும் விருப்பத்துக்கு ‘ஐ-ஆம்-ஏ-டம்மி’ என்ற மாற்றுப்பெயரை அதன் ஆசிரியர்கள் வைத்திருக்கிறார்கள். கேலி இருக்கட்டும், அதை இயக்கி வைப்பவர் முட்டாள் அல்ல. டிபீவரிலும் டேட்டாகிரிப்பிலும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி நிறம் கொடுக்கலாம். உண்மையான பயன்பாட்டிலுள்ள சர்வருக்குச் சிவப்பு கொடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பதற்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் கணக்கை உருவாக்கி, அன்றாட வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள். கருவியின் காப்பை நீங்களே அணைத்துவிட முடியும். சர்வர் மறுத்த உரிமையை அப்படி மீற முடியாது.

எஸ்கியூஎல் எழுதாமலே, அட்டவணைகளை இழுத்துப் போட்டு வினவலை உருவாக்கலாமா?

உருவாக்கலாம்; இது புதிய எண்ணமும் அல்ல. 1970களின் நடுவிலேயே ஐபிஎம்மின் மோஷே ஸ்லூஃப், காலி அட்டவணையில் எடுத்துக்காட்டு மதிப்புகளை நிரப்பி வினவும் முறையை வடிவமைத்தார். மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸின் வினவல் கட்டம் அதன் வழிவந்ததே. இரண்டு மூன்று அட்டவணைகளை இணைத்துச் சில நிபந்தனைகள் வைக்கும் வரை இம்முறை இனிதாகவே இருக்கும். உள்வினவல் (வினவலுக்குள் வினவல்), விண்டோ ஃபங்ஷன் (தொடர்புள்ள மற்றப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் வசதி) என்று போகும்போது கட்டங்கள் கைவிட்டுவிடும். கற்றுக்கொள்பவருக்கு நான் சொல்வது: இழுத்துப் போடுங்கள், ஆனால் அதன் கீழே கருவி எழுதும் எஸ்கியூஎல்லை ஒவ்வொரு முறையும் படியுங்கள். ஆறே வாரத்தில் கட்டத்தைத் திறக்க மறந்துவிடுவீர்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் வினவலை நம்பலாமா?

இலக்கணம் பெரும்பாலும் சரியாக இருக்கும், பொருள்தான் தவறக்கூடும். ஓர் எடுத்துக்காட்டு போதும். ஓர் ஆர்டரில் மூன்று பொருள்கள் உள்ளன. அதற்கான பணம் இரண்டு தவணைகளில் வந்திருக்கிறது. ஆர்டர், பொருள், பணம் ஆகிய மூன்று அட்டவணைகளையும் ஆர்டர் எண்ணால் இணைத்தால், அந்த ஓர் ஆர்டர் ஆறு பதிவுகளாகப் பெருகும். அதன் மேல் ஆர்டர் தொகையைக் கூட்டினால் ஆறு மடங்கு விற்பனை காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது, அறிக்கையும் அழகாக இருக்கும். மனிதர்களும் இதே தவறைச் செய்பவர்கள்தாம் என்றாலும், தானே எழுதியவர் அந்த இணைப்பை ஒரு முறையாவது யோசித்திருப்பார். மேலும், இத்தகைய வசதிகள் உங்கள் அட்டவணை அமைப்பையும் சில வேளைகளில் மாதிரித் தரவையும் வெளிச் சேவைக்கு அனுப்பக்கூடும். எதை அனுப்புகிறது என்பதை அமைப்புகளில் பார்த்துவிட்டே இயக்குங்கள்.

வடிவமைப்புக் கருவி என்றால் படம் வரைவது மட்டும்தானா?

படம் அதன் வெளித்தோற்றம். 1976இல் பீட்டர் சென் முன்வைத்த, பொருள்களையும் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் காட்டும் இஆர் மாதிரியே இவற்றின் அடிப்படை. கோட்டின் முனையில் மூன்றாகப் பிரியும் காக்கைக்கால் குறியீடு, ‘இந்தப் பக்கம் பல’ என்பதைக் குறிக்கிறது. சாதாரண வரைபடச் செயலியில் வரைந்த பெட்டி வெறும் பெட்டி. ஈர்வின், பவர்டிசைனர், பிஜிமாடலர், மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்ச் போன்றவற்றில் அந்தப் பெட்டிக்குத் தன் நெடுவரிசைகளின் வகை, பிரைமரி கீ (பதிவைத் தனித்து இனங்காட்டும் நெடுவரிசை), ஃபாரின் கீ (வேறோர் அட்டவணையின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) எல்லாம் தெரியும். அதனால் படத்திலிருந்தே அட்டவணைகளை உருவாக்கும் எஸ்கியூஎல்லை எழுதித் தரும். படத்தைச் சுட்டியால் வரையாமல் உரையாகவே எழுத விரும்புபவர்களுக்கு டிபிஎம்எல் என்ற சிறுமொழி இருக்கிறது. உரை என்பதால் மாற்றங்களைக் கிட்டில் வரிவரியாகப் பார்க்க முடிகிறது. என் சாய்வு அந்தப் பக்கமே.

எந்தத் தரவுத்தளத்தையும் சாராத கருத்தளவிலான மாதிரி, குறிப்பிட்ட ஒன்றுக்கான மாதிரி என்று பெருங்கருவிகள் இரண்டாகப் பிரித்து வைக்கும். ஒரே ஒரு தரவுத்தளத்தைத்தான் பயன்படுத்தப் போகிறோம் என்றால் இரண்டையும் பராமரிப்பது வீண் சுமை.

பழைய தரவுத்தளத்திலிருந்து படத்தை வரவழைத்தேன். பெட்டிகள் வந்தன, கோடுகள் வரவில்லை. ஏன்?

கருவி, கேட்டலாக்கில் ஃபாரின் கீ என்று அறிவிக்கப்பட்டவற்றை மட்டுமே கோடாக வரையும். அறிவிக்கவே இல்லை என்றால் வரைய ஒன்றுமில்லை. மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐசாம் அட்டவணைகளில் ஃபாரின் கீ எழுதினாலும் அது ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டுப் புறக்கணித்துவிடும். அக்காலத்து அமைப்புகளில் உறவுகள் எல்லாம் செயலியின் நிரலுக்குள்தான் ஒளிந்திருக்கும். ஸ்கீமாஸ்பை போன்ற சில கருவிகள் நெடுவரிசைப் பெயர்களையும் வகைகளையும் வைத்து உறவை ஊகித்துப் புள்ளிக்கோடாகக் காட்டும். அந்த ஊகத்தைச் சோதிக்க, பெற்றோர் அட்டவணையில் இல்லாத எண்கள் பிள்ளை அட்டவணையில் எத்தனை என்று ஒரு வினவல் ஓட்டுங்கள். விடை சுழியமாக இருந்தால் ஃபாரின் கீயை அறிவித்துவிடலாம். சுழியமாக இருக்காது, தயாராக இருங்கள்.

இரண்டு தரவுத்தளங்களின் அமைப்பைக் கருவி எப்படி ஒப்பிடுகிறது?

இரு பக்கக் கேட்டலாக்குகளையும் படித்து, ஒவ்வோர் அட்டவணை, நெடுவரிசை, இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்), வியூ (சேமித்த வினவல்), புரொசீஜர் (சேமித்த நிரல்) ஆகியவற்றையும் பெயரால் இணைசேர்க்கிறது. இணை கிடைத்தவற்றின் பண்புகளை ஒப்பிடுகிறது. கிடைக்காதவற்றை ஒருபக்கம் மட்டும் இருப்பவையாகக் குறிக்கிறது. பிறகு, ஒரு பக்கத்தை மறுபக்கம் போல ஆக்குவதற்கான கட்டளைகளைச் சார்பு வரிசைப்படி அடுக்கித் தருகிறது. ரெட்கேட்டின் எஸ்கியூஎல் கம்பேர், விஷுவல் ஸ்டுடியோவின் ஸ்கீமா கம்பேர், லிக்விபேஸின் டிஃப், மைஎஸ்கியூஎல்லுக்கான ஸ்கீமா (Skeema) என்ற கருவி ஆகியவை இப்படித்தான் இயங்குகின்றன. எது மூலம், எது இலக்கு என்ற இரண்டு பெட்டிகளையும் மூன்று முறை சரிபாருங்கள். தலைகீழாக வைத்தால், நேற்று நீங்கள் சேர்த்த நெடுவரிசைகளையெல்லாம் நீக்கும் ஸ்கிரிப்ட் மிகச் சரியாகத் தயாராகும்.

நெடுவரிசையின் பெயரைத்தான் மாற்றினேன். ஸ்கிரிப்டில் ஏன் நீக்குதலும் சேர்த்தலும் வருகின்றன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். வாடிக்கையாளர் அட்டவணையில் ‘தொலைபேசி’ என்றிருந்த நெடுவரிசையை ‘கைபேசி’ என்று மாற்றினீர்கள். கருவி பார்ப்பது இரண்டு நிலைகளின் நிழற்படத்தை. இடையில் நடந்ததை அல்ல. பழைய படத்தில் தொலைபேசி இருக்கிறது, கைபேசி இல்லை. புதிய படத்தில் கைபேசி இருக்கிறது, தொலைபேசி இல்லை. எனவே அது தருவது: தொலைபேசியை நீக்கு, கைபேசி என்ற காலி நெடுவரிசையைச் சேர். ஓட்டி முடித்ததும் இரு பக்க அமைப்பும் துல்லியமாக ஒன்றாக இருக்கும். எண்கள் அத்தனையும் போயிருக்கும். கருவியின் கணக்கில் இது வெற்றி.

விஷுவல் ஸ்டுடியோவின் தரவுத்தளத் திட்டங்களில், பெயர்மாற்றத்தை அதற்குரிய மறுசீரமைப்புக் கட்டளையால் செய்தால், ரீஃபாக்டர்லாக் என்ற கோப்பில் அது குறித்துவைக்கப்பட்டு, ஸ்கிரிப்டில் பெயர்மாற்றமாகவே வரும். கோப்பில் நேரடியாகத் திருத்தினால் அந்தக் குறிப்பு இருக்காது. மற்றக் கருவிகளில், உருவான ஸ்கிரிப்டில் நீக்குதலைக் குறிக்கும் டிராப் என்ற சொல்லைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் நீங்களே விளக்கம் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பதே வழி. நெடுவரிசையின் நீளத்தைக் குறைப்பது, வகையை மாற்றுவது ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எதுவும் மாறவில்லை, ஆனால் நூற்றுக்கணக்கில் வேறுபாடுகள் காட்டுகிறதே?

பொய்யான வேறுபாடுகளின் பிறப்பிடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். எஸ்கியூஎல் சர்வரில் ஒரு கட்டுப்பாட்டுக்கு (தரவு மீறக் கூடாத விதிக்கு) நீங்கள் பெயர் வைக்காவிட்டால் சர்வரே வால் நீண்ட ஒரு பெயரைச் சூட்டும். அது ஒவ்வொரு சர்வரிலும் வேறாக இருக்கும். மைஎஸ்கியூஎல் 5.7இல் ‘இன்ட் 11’ என்று காட்டப்படும் வகை, 8.0.19 முதல் வெறும் ‘இன்ட்’ என்றே காட்டப்படுகிறது. புரொசீஜரில் ஒரு வெற்றிடம், வரிமுடிவுக் குறி, கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி), நெடுவரிசைகளின் வரிசைமுறை ஆகியவையும் பட்டியலை நீட்டும். இவற்றைப் புறக்கணிக்கும் விருப்பங்கள் கருவியில் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக டிக் செய்துவிடாதீர்கள். கொலேஷன் வேறுபாடு பிறகு இணைப்பு வினவலில் பிழையாக வந்து நிற்கும்.

அமைப்பு ஒன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கும் தரவும் ஒன்றுதானா என்று எப்படி அறிவது?

பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது போதாது. ஒரே சர்வரில் இரண்டும் இருந்தால் எக்ஸெப்ட் வினவல் எளிது: முதல் அட்டவணையில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள், பிறகு திசையை மாற்றிக் கழியுங்கள், இரண்டும் காலியாக வர வேண்டும். ஆரக்கிளில் நெடுங்காலமாக இதற்கு மைனஸ் என்று பெயர், மைஎஸ்கியூஎல்லில் 8.0.31 முதல்தான் எக்ஸெப்ட் கிடைக்கிறது. நல் (null) எனப்படும் வெற்று மதிப்புகளை இது சமமாகவே கருதும் என்பது ஒரு வசதி. நகல் பதிவுகளைச் சுருக்கிவிடும் என்பது ஒரு பொறி. ஒரு பக்கம் ஒரு பதிவு இருமுறை இருந்தாலும் விடை காலியாகவே வரும். ஆகவே எண்ணிக்கையையும் கூடவே பாருங்கள்.

வெவ்வேறு சர்வர்களில் பெரிய அட்டவணைகள் என்றால், பிரைமரி கீயின்படி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க எண்) கணக்கிட்டு, வேறுபட்ட துண்டை மட்டும் பதிவு பதிவாகத் திறந்து பார்ப்பதே வழக்கம். மைஎஸ்கியூஎல் ரெப்ளிகாக்கள் எனும் நகல் சர்வர்களுக்குப் பெர்கோனாவின் பிடி-டேபிள்-செக்சம் இதைச் செய்கிறது. பிரைமரி கீயோ அதைப்போல் தனித்து இனங்காட்டும் வேறு கீயோ இல்லாத அட்டவணையை எந்தக் கருவியாலும் பதிவுக்குப் பதிவு ஒழுங்காக ஒப்பிட முடியாது. எந்தப் பதிவுக்கு எது இணை என்பதே அதற்குத் தெரியாது.

தமிழ்ப் பெயர்கள் இரு பக்கமும் ஒன்றாகத் தெரிகின்றன. கருவியோ வேறு என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. ‘கொ’ என்பதை யூனிகோடில் இருவகையாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இடலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக இடலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது; நீளத்தைக் கேட்டால் ஒன்று 2 என்றும் மற்றது 3 என்றும் சொல்லும். சில கொலேஷன்கள் இரண்டையும் சமமாக ஏற்கும், பைட் அளவிலான ஒப்பீடு ஏற்காது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனால் இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் ‘ஔவை’யின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் நார்மலைஸும் காப்பாற்றாது; யூனிகோடின் பார்வையில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

எழுத்துகள் கேள்விக்குறிகளாகவே வந்தால், எஸ்கியூஎல் சர்வரில் மேற்கோளுக்கு முன் இட வேண்டிய ‘என்’ எழுத்து விடுபட்டிருக்கும், அல்லது நெடுவரிசை, யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் என்வார்சார் வகையில் இருக்காது. கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் பழைய எழுத்து மீளாது. ஆரக்கிளில் வார்சார்2 என்ற எழுத்து வகையின் நீளம் இயல்பாகப் பைட்டில் கணக்கிடப்படும். ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியெண்கள், யூடிஎஃப்-8 குறிமுறையில் 15 பைட்டுகள். பத்து என்று நீளம் வைத்த நெடுவரிசையில் அது நுழையாமல் ஓஆர்ஏ-12899 பிழை வருவது அதனால்தான்.

ஒப்பீட்டுக் கருவி இருக்கும்போது மைக்ரேஷன் கோப்புகள் எதற்கு?

ஃபிளைவே, லிக்விபேஸ் போன்றவை, நடந்த மாற்றங்களை எண்ணிட்ட கோப்புகளாக வரிசையில் வைக்கின்றன. ஒப்பீட்டுக்குத் தெரியாத வரலாறு அங்கே இருக்கிறது. மேலே சொன்ன பெயர்மாற்றச் சிக்கல் அங்கே எழாது. நான் மாற்றங்களை மைக்ரேஷனாகவே எழுதுகிறேன். ஒப்பீட்டை, யாரேனும் சர்வரில் நேரடியாகக் கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் பயன்படுத்துகிறேன்.

உருவான ஸ்கிரிப்டை உண்மையான சர்வரில் ஓட்டும் முன் என்ன செய்ய வேண்டும்?

அண்மைப் பேக்கப்பை வேறோர் இடத்தில் மீட்டெடுத்து, அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். காலி அட்டவணைகளில் ஒரு நொடியில் முடிவது, நிரம்பிய அட்டவணையில் எவ்வளவு நேரம் பூட்டி வைக்கும் என்பது அப்போதுதான் தெரியும். ஸ்கிரிப்ட் நடுவில் தோற்றால் என்ன ஆகும் என்பதும் தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். போஸ்ட்கிரெஸில் அமைப்பு மாற்றங்களையும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்கலாம் என்பதால் முழுவதும் பின்வாங்கிவிடும்; எழுதுவதைத் தடுக்காமல் இண்டெக்ஸ் உருவாக்கும் கன்கரன்ட்லி கட்டளை போன்ற சில மட்டும் அதற்குள் ஓடா. மைஎஸ்கியூஎல்லும் ஆரக்கிளும் ஒவ்வோர் அமைப்பு மாற்றத்தையும் அப்போதைக்கப்போதே கமிட் செய்துவிடும். ஏழாவது கட்டளையில் நின்றால் முதல் ஆறும் நிலைத்திருக்கும். அந்த நிலையில் அதே ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டாதீர்கள், முதல் கட்டளையே ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மறுக்கும். ஒப்பீட்டைப் புதிதாக ஓட்டி, எஞ்சியுள்ள வேறுபாடுகளுக்கு மட்டும் புதிய ஸ்கிரிப்டை எடுத்து, அதையும் முதலிலிருந்து படித்துவிட்டு ஓட்டுங்கள்.